ஒரு தெருவுக்கு ஒரு பட்டுச்சேலை

திருத்தணியில் ஆதிகேசவனைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. அவருக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது என்பது ஒன்று. தெரியும், ஆனால் எடுக்க மாட்டார் என்பது மற்றொன்று. இரண்டாவது அவர் மனைவி வரலட்சுமியுடையது என்பதால் ஊரில் அதற்கு மதிப்புக் குறைவு. பட்டணத்தில் ஒரு தொழிற்கலைப் பள்ளியில் புகைப்பட விரிவுரையாளராகச் சம்பளம் வாங்குகிற மனிதர், சொந்த மைத்துனன் கல்யாணத்துக்குக் கேமராவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தால் ஊர் வேறு என்னதான் நினைக்கும்?

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான வருஷத்தில் அந்தப் பள்ளியும் மூட்டை கட்டியது. தச்சுப் பிரிவு ஒரு திசையில் போயிற்று, அச்சுப் பிரிவு இன்னொரு திசையில். புகைப்படப் பிரிவு திருத்தணிக்கு வந்தது. முருகன் இருக்கிற மலையடியில் குண்டு விழாது என்று பிரின்சிபால் நம்பினாரா, வாடகையில்லாத சத்திரம் ஒன்று அகப்பட்டதால் நம்பத் தொடங்கினாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆதிகேசவன் அந்த ஊர்க்காரர் என்பதால் அவரே வகுப்புக்குத் தலைவர், காவற்காரர், சமையற்காரனிடம் சண்டை போடுகிறவர் எல்லாம் ஆனார்.

வகுப்பு வந்ததே தவிர, யுத்தகாலத்தில் படமெடுக்கும் கண்ணாடித் தகடுகள் வரவில்லை. ஆகவே ஆதிகேசவன் படமே எடுக்காமல் படமெடுக்கக் கற்பித்தார். ஊர் வீடுகளில் சுவரில் தொங்கிய குடும்பப் படங்களை இரவல் வாங்கி வந்து சத்திரத்துக் கூடத்தில் சாய்த்து வைப்பார். கிருத்திகை நாட்களில் காவடி எடுத்து வந்தவர்களும் புதுமொட்டையோடு உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். இந்தப் படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யாரை நிற்கக்கூட விடவில்லை என்று கேட்பார். நிலக்காரர் ஒருவர் தம் ஜோடிக் காளைகளோடு எடுத்துக்கொண்ட படத்தில் காளைகளின் கொம்புக்குப்பி வரை துலக்கமாக இருக்கும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை ஒன்று ஓரத்திலிருந்து நீண்டிருக்கும். கைக்குரியவன் இருக்க மாட்டான். ஆதிகேசவன் அந்தக் கையைக் காட்டிவிட்டு வெகுநேரம் பேசாமல் நிற்பார். மாணவர்கள் அதைப் பாடம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவருடைய ஆராய்ச்சியும் இதுதான். படங்களில் யார் இல்லை, இருப்பவர்கள் எதைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்று பல வருஷம் தேடினார். திருத்தணி ஆண்களில் முக்கால்வாசிப் பேர் படத்தில் ஒரே கைக்கடிகாரத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். எல்லார் மணிக்கட்டிலும் ஒரே நேரம். அது ஸ்டூடியோக்காரர் வைத்திருந்த, ஓடாத கடிகாரம். இதையெல்லாம் கட்டுரையாக எழுதிப் பிரின்சிபாலிடம் கொடுத்தபோது, லென்ஸைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லையே என்று அவர் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படம் என்பது சாட்சி என்பது ஆதிகேசவனின் கட்சி. சாட்சி இரவல் கடிகாரம் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வரக்கூடாது. கல்யாண வீடுகளுக்குக் கேமராவோடு போக மறுத்ததற்குக் காரணமும் இதுவே. உறவினர்கள் இந்தத் தத்துவத்தைக் கஞ்சத்தனம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்தது. வகுப்பு பட்டணத்துக்குத் திரும்பியது. வரலட்சுமி திரும்பவில்லை. பட்டணத்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆதிகேசவன் வாரம் முழுக்கப் பட்டணத்தில் பாடம் நடத்திவிட்டுச் சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குகிறவர் ஆனார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, நாற்பத்தாறாம் வருஷம், மழை பொய்த்து அரிசிப் பங்கீட்டை மேலும் குறைத்திருந்த சமயம், அம்மையார்குப்பத்திலிருந்து துளசிங்கம் வந்து காத்திருந்தார். நெசவாளர்களுக்காகச் சர்க்கார் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்குகிறவர். பேச்சில் கெட்டிக்காரர். அன்று பேச்சு சுருக்கமாக இருந்தது. ஊரில் நூல் இல்லை. தறிகள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கின்றன. ஜில்லாத் தலைநகரான சித்தூரிலிருந்து நூல் பங்கீட்டு அதிகாரி திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சர்க்கார் அதிகாரிகள் தங்குகிற திருத்தணி முசாபரி பங்களாவுக்கு வருகிறார். அம்மையார்குப்பத்தார் வாங்கின நூலைக் கள்ளச்சந்தையில் விற்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்து பார்க்கலாமே என்றால் அவர் காருக்குப் பெட்ரோல் இல்லையாம். பஸ்ஸில் வருவது பதவிக்குப் பொருந்தாதாம். ஆதாரம் கொண்டு வா, நூல் தருகிறேன் என்கிறாராம்.

"நீதான் சார் சொல்லிகினு கீறியே, படம்தான் சாட்சின்னு," என்றார் துளசிங்கம். "வந்து சாட்சி புடிச்சிக் குடு."

ஆதிகேசவன் வாழ்நாளெல்லாம் காத்திருந்தது இந்த அழைப்புக்குத்தான். தமக்கெனச் சேமித்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் சில இருந்தன. மறுநாளே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். எல்லாத் தவறும் அந்த ஒரு நாள் முன்னறிவிப்பில் நேர்ந்தது.

மறுநாள், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரிவாயு பஸ் இருமி இருமி, ஏற்றத்தில் எல்லாரையும் இறக்கித் தள்ளவைத்து, அவரை ஊர் எல்லையில் விட்டது. துளசிங்கம் தலைப்பாகையோடு எதிர்கொண்டார். நெசவுத் தெரு பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டிருந்தது. ஆதிகேசவன் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்.

முதல் வீட்டில் வெறும் தறியைக் காணோம். அதாவது தறி இருந்தது. ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல் அதன் மேல் மஞ்சள் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். வெறும் தறியைப் படம் பிடித்தால் தறி என்றைக்கும் வெறுமையாகவே நின்றுவிடும் என்பது அந்தத் தெருவின் பயம். தறிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரி பட்டுச்சேலை கட்டி நின்றாள். அரக்கு நிறம், அன்னப்பட்சிக் கரை. முகத்தில் எண்ணெய் பளபளத்தது. கடைசி எண்ணெயை முகத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வீட்டிலும் அரக்குப் பட்டு. மூன்றாவது வீட்டில் அவர் கேமராவை முக்காலியில் பூட்டிக்கொண்டிருந்தபோது, பின்கட்டு வழியாக ஒரு பெண் துணிச்சுருள் ஒன்றை மார்போடு அணைத்து ஓடி வருவதைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து அந்த வீட்டுக்காரி அன்னப்பட்சிக் கரையோடு வந்து நின்றாள். இடுப்பு மடிப்பு இன்னும் முன்னவள் உடம்புச் சூட்டில் கசங்கியிருந்தது.

ஒரு தெருவுக்கு ஒரு பட்டுச்சேலை. விற்காமல் மிஞ்சியது அது ஒன்றுதான். துளசிங்கத்தின் தங்கை ரத்தினம்மாளின் கல்யாணச் சேலை. அவள் புருஷன் பங்காரு சொந்தத் தறியில் நெய்தது. எல்லார் வீட்டுக்கும் கொடுத்துவிட்டுக் கடைசி முறையைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆதிகேசவன் துளசிங்கத்தைத் தனியே இழுத்துப்போய், இப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதிகாரி நூல் தரமாட்டார், மொய்தான் எழுதுவார் என்றார். துளசிங்கம் தம் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது. சாட்சி கேட்டு வந்த மனிதர் கேமரா என்றதும் அலங்காரத்தில் இறங்கியிருந்தார். தங்கையிடம் போய், பழைய சேலையில் நில்லு, தறியில் பூவை எடு என்றார்.

ரத்தினம்மாள் அண்ணனை விட்டுவிட்டு ஆதிகேசவனைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க தெருவுல ஒரு பொம்பளைய எத்தினி தபா சார் போட்டோ புடிப்பாங்க? ஒரு தபா. அது நான் செத்தப்புறம் செவுத்துல நிக்கறதுக்கு. எம்பசங்களுக்குப் பொறக்கற பசங்க வந்து பாக்கும்போது நான் பிச்சக்காரியா நிக்கணுமா?"

"இது சுவருக்கு இல்லம்மா. கச்சேரிக்கு."

"கச்சேரிக்காரன் இன்னிக்கி இருப்பான், நாளைக்கி மாத்தலாயிப் பூடுவான். மூஞ்சி என்துதான?"

பங்காரு தலையைக் குனிந்துகொண்டு, "பாவா, வுடு," என்று மச்சானிடம் மெல்லச் சொன்னார். ஆதிகேசவன் பட்டுச்சேலையிலேயே அவளை எடுத்தார். கை ஒன்றைத் தறிக்கட்டையின் மேல் வைத்து, சுவாமி ஊர்வலத்தைப் பார்ப்பவள் போல நின்றாள்.

இதோடு அவர் பஸ் ஏறியிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. பஸ் வரவில்லை. துளசிங்கம் மற்ற ஆண்களோடு பங்காருவையும் கூட்டிக்கொண்டு கோயிலடிக்கு யோசனை பண்ணப் போய்விட்டார். எதிர்வீட்டு நிழலில் பெட்டியை மூடப் போன ஆதிகேசவன் நிமிர்ந்து பார்த்தார். பங்காருவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ரத்தினம்மாள் சேலையை மாற்றியிருந்தாள். மாற்றிக் கட்டியதைச் சேலை என்று சொல்வது மரியாதைக்குத்தான். தறியிலிருந்து பூவைக் களைந்து, துணியை மடித்து வைத்துவிட்டு, தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். எதிரே ஒரு இழை இல்லை. அவள் வலதுகை மட்டும் தானாக, இழைகளுக்கு ஊடே நாடாக்கட்டையை எறிகிற பழக்கத்தில் போய்ப் போய் வந்தது. கூரையில் ஓடு விலகிய இடத்தில் வெயில் அவள் மேல் விழுந்தது.

ஒரு தகடு மிச்சமிருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்றி, மூச்சைப் பிடித்து நின்று, மூடினார். சத்தமே இல்லாத வேலை. அவள் திரும்பவில்லை.

அன்றிரவு சமையலறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தகட்டைக் கழுவியபோது தம் ஆயுளில் எடுத்த படங்களில் அதுதான் படம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் துல்லியம். கை மட்டும் புகையாகக் கரைந்திருந்தது. இல்லாத நூலை அந்தக் கை நெய்துகொண்டிருந்தது. மாணவர்களுக்கு இத்தனை வருஷம் வாயால் சொன்னதையெல்லாம் அந்தக் கை ஒன்றே சொல்லிவிட்டது. சித்தூர் அதிகாரி என்ன, கவர்னரே பார்த்தாலும் நூல் கொடுப்பார். காகிதத்தில் அச்செடுத்துக் காலையில் மனைவியிடம் நீட்டினார்.

வரலட்சுமி அடுப்படி வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். சாதாரணமாக அவர் படங்களுக்கு ஒரு கேலி தயாராக வைத்திருப்பாள். அன்று இல்லை.

"இத அந்தம்மா பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி அடித்துவிட்டு அவர் மறுபடி கரிவாயு பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு அம்மையார்குப்பம் போனார். துளசிங்கமும் கூட இருந்தார். ரத்தினம்மாள் முதலில் பட்டுச்சேலைப் படத்தைப் பார்த்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்து, கரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மற்றதை. அதை வெகுநேரம் பார்த்தாள். முதுகுப்பக்கம் கிழிசல் தெரிகிற இடத்தில் விரலை வைத்து மூடினாள். விரலை எடுத்தாள். மறுபடி மூடினாள்.

"எப்ப புடிச்ச?"

சொன்னார்.

அவள் கோபப்படவில்லை. எழுந்து போய் அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கிண்டிய நெருப்பு அணைந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்து, அதில் படத்தை வைத்தாள். துளசிங்கம் கையை நீட்டுவதற்குள் சுருண்டுவிட்டது. இனிமேல் அது இல்லைதானே என்று கேட்டாள்.

ஆதிகேசவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் வேலை அவரைக் கெடுத்திருந்தது. மூலம் கண்ணாடியில் இருக்கிறது, அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் அச்செடுக்கலாம் என்று விளக்கினார். அதைக் கேட்டு அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். துளசிங்கத்தின் முகம் மாறியதையும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி மாறவில்லை.

"குடுக்காத சார்," என்றாள் ரத்தினம்மாள்.

பஸ் நிற்குமிடம் வரை துளசிங்கம் கூடவே நடந்தார். இருநூறு வீடு சார் என்றார். குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதில் வடிகஞ்சியும் இல்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. "அவ என் தங்கச்சி. நான் சொல்றேன், குடு. பழி எம்மேல வரட்டும்."

அதிகாரி வருகிற திங்கட்கிழமைக்கு முன்தினம் ஆதிகேசவன் இன்னொரு அச்சு எடுத்தார். எதற்கு எடுக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. படத்தை அட்டைகளுக்கு நடுவே வைத்துத் தோல்பையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

வராந்தாவில் நாலைந்து ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். அதிகாரி வயதானவர், நல்ல மாதிரி, தெலுங்கில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் ஆதிகேசவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேறொரு ஊர்க்காரர்களும் எங்கிருந்தோ ஒரு போட்டோக்காரரைப் பிடித்துப் படம் கொண்டுவந்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு கிழவர், கையில் காலிச் சட்டி. அதிகாரி பார்த்தார், அடடா என்று மனதாரச் சொன்னார், பின்பக்கம் நம்பர் போட்டார், குமாஸ்தாவிடம் தள்ளினார். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு டவாலிச் சேவகனுக்குக் காட்டினான். சேவகன் ஜன்னலோரம் எடுத்துப் போய் இன்னொருவனுக்குக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை, கேலி பேசவில்லை. படம் மேஜைக்குத் திரும்பியபோது காப்பி வந்தது. மேஜையில் இடமில்லாததால் டம்ளரைக் கிழவரின் முகத்தின் மேல் வைத்தார்கள். எடுத்தபோது வட்டமாக ஒரு கறை.

கிழவர் அங்கே இல்லை. யாரும் அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அம்மையார்குப்பம் என்று கூப்பிட்டார்கள். துளசிங்கம் எழுந்து கணீரென்று பேசினார். ஆதாரம் உண்டா என்று அதிகாரி கேட்டார். துளசிங்கம் ஆதிகேசவனைத் திரும்பிப் பார்த்தார். ஆதிகேசவனின் கை பைக்குள் போயிற்று. அட்டையின் விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"படம் சரியா விழலைங்க," என்றார்.

நேரில் வந்து பார்த்தால் தேவலை என்றும் சேர்த்துச் சொன்னார். பார்க்கலாம், பெட்ரோல் வரட்டும் என்றார் அதிகாரி. அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள்.

துளசிங்கம் விடுவிடுவென்று படியிறங்கினார். மாட்டுவண்டிகள் நிற்கிற புளியமரத்தடியில் நின்றார்.

"பையில வச்சிகினுதான வந்த?"

"ஆமாம்."

"ஒரு பொம்பளை மானத்துக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா சார்? நீ சொல்லு. நீ படிச்சவன்."

ஆதிகேசவன் பையின் வாரை இழுத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு பட்டணத்தில் மாணவர்கள் முன்னால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு வருஷமும் வைத்தார். மாணவர்களில் பாதிப்பேர் கொடுத்திருக்க வேண்டும் என்பார்கள், பாதிப்பேர் கூடாது என்பார்கள். மணி அடித்துவிடும். படம் என்பது சாட்சி என்ற வாக்கியத்தை மட்டும் அவர் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார். இரவல் கடிகாரக் கட்டுரையையும் திருத்தி எழுதத் தொடங்கினார். பிரின்சிபால் அதிலாவது லென்ஸ் வருமா என்று விசாரித்தார்.

நூல் வந்தது. கேட்டதில் பாதி, பொங்கல் கழித்து, பெட்ரோல் கிடைத்த வேறொரு அதிகாரி வந்து பார்த்த பிறகு. அதற்குள் நெசவுத் தெருவில் பல கதவுகள் பூட்டியிருந்தன. பங்காரு பட்டணம் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். துளசிங்கம் ஆதிகேசவனோடு பேசுவதை நிறுத்தினார். பஸ்ஸில் எதிர்ப்பட்டால் ஏற்றத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்று தள்ளினார்கள்.

பங்களாவில் விசாரணை நடந்த அன்று மாலையே ஆதிகேசவன் பையிலிருந்த அச்சை அடுப்பில் போட்டார். வரலட்சுமியிடம் வெந்நீர் கேட்டார். அவள் கொண்டுவந்து வைத்தாள். சலவைச் சோடாவைக் கரைத்துத் தாம்பாளத்தில் ஊற்றி, கண்ணாடித் தகட்டை அதில் முக்கினார். ஓரம் நெகிழ்ந்தது. பாலாடை போல ஒரு தோல் எழும்பி மிதந்தது. அதில் தறி, கூரைவெயில், புகையான கை எல்லாம் ஒரு கணம் நீரில் ஆடிச் சுருங்கி நொய்ந்தன. வரலட்சுமி தாம்பாளத்தைத் தூக்கி வாழைக்குப் போகிற தண்ணீரில் கவிழ்த்தாள்.

"இதுக்கு மிந்தி இவ்ளோ நல்லா ஒரு படம் நீங்க எடுத்ததில்ல," என்றாள் திரும்பி வரும்போது.

"தெரியும்."

கடைகளில் சட்டத்துக்குக் கண்ணாடி கிடைக்காத காலம் அது. கழுவிய தகடு படத்தின் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. பட்டுச்சேலைப் படத்துக்கு அதையே மேலே பொருத்தி, தச்சரிடம் கொடுத்து நாலுபக்கமும் மரச்சட்டம் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனார். பங்காரு அப்போதுதான் பட்டணம் போயிருந்தார்.

ரத்தினம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"அது இருந்த கண்ணாடி எங்க சார்?"

"இதுதாம்மா."

அவள் கண்ணாடியின் மேல் வாயால் ஊதி, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். ஒரு மூலை, பிறகு மறு மூலை. மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியில் அன்னப்பட்சிக் கரையும் பூச்சுற்றிய தறியும் தவிர வேறு ஏதாவது தங்கியிருக்கிறதா என்று அவள் தேடியதை ஆதிகேசவன் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். தேடி முடியும்வரை அவரும் மூச்சு விடவில்லை.

"ஆங்," என்றாள் கடைசியில். ஆணி எங்கே அடிப்பது என்று சுவரில் இடம் காட்டினாள். ஆதிகேசவன் அடித்தார். வாத்தியார் அடித்த ஆணி, கொஞ்சம் கோணல். எங்கேயோ விற்கப்பட்ட பித்தளைக் குடம் இருந்த இடத்தில், வெறும் தறிக்கு நேர் மேலே, படம் தொங்கியது. இடப்பக்கம் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அதை நேராக்கிக்கொண்டிருந்தார்.